லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் மரபணுக்களின் வரலாற்றை மீட்டெடுப்பது எப்படி: முதுகெலும்பிகளின் இரட்டிப்பு நொதி மரபணுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் எல்டிஎச் என்று ஒரு வரி இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதியின் சுருக்கப் பெயர் அது. பைருவேட்டை லாக்டேட்டாகவும், தேவைப்படும்போது லாக்டேட்டைப் பைருவேட்டாகவும் மாற்றுவது அதன் வேலை. நான்கு துணை அலகுகள் சேர்ந்தால்தான் இந்த நொதி முழுமை பெறும். மனித உடலில் அந்த அலகுகளில் முதன்மையானவை இரண்டு: எலும்புத் தசையில் மிகுந்திருக்கும் ஏ வகையும் இதயத்தில் மிகுந்திருக்கும் பி வகையும். இரண்டும் எந்த விகிதத்திலும் கலந்து நான்காகக் கூடலாம் என்பதால் ஐந்து வடிவங்கள் கிடைக்கின்றன. 1959-இல் கிளெமென்ட் மார்க்கெர்ட்டும் பிரெடி மோலரும் இத்தகைய வடிவங்களுக்கு ஐசோசைம் என்று பெயரிட்டார்கள். 1963-இல் மார்க்கெர்ட் ஏ வடிவத்தையும் பி வடிவத்தையும் உப்புக் கரைசலில் சம அளவில் கலந்து, உறையவைத்து, பிறகு உருகவைத்தார். பிரிந்த அலகுகள் மறுபடி கூடியபோது ஐந்து வடிவங்களும் 1:4:6:4:1 என்ற விகிதத்தில் தோன்றின. தன் வகை, பிற வகை என்று பாராமல் அலகுகள் தற்செயலாகச் சேர்ந்தால் எந்த விகிதம் வருமோ, அதே விகிதம் அது.

ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட இரு மரபணுக்களின் விளைபொருள்கள் இன்றும் ஒன்றோடொன்று இப்படிப் பொருந்துகின்றன. அவை எப்போது, எந்த வழியில் பிரிந்தன என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே நம் பணி. எல்டிஎச் குடும்பத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மரபணு இரட்டிப்பின் எல்லா வகைகளும் இந்த ஒரே குடும்பத்தில் நிகழ்ந்திருக்கின்றன. பெயர்களை அப்படியே நம்பினாலும், கிளைமரத்தை மட்டும் நம்பினாலும் எங்கே தவறு நேரும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. உயிரியலில் இளநிலைப் பட்ட அளவு அறிமுகமும், இணைய இணைப்புள்ள ஒரு சாதாரணக் கணினியும் இருந்தால் கீழே வரும் அனைத்தையும் செய்து பார்க்கலாம்.

படி 1: எவ்வகை இரட்டிப்பு என்ற கேள்வியோடு தொடங்குங்கள்

"இந்த மரபணுக்கள் உறவா?" என்பது எளிய கேள்வி, அதற்கு விடை ஏற்கெனவே தெரியும். எந்த வழியில் இரட்டித்தன என்பதுதான் கேட்க வேண்டியது. வழிகள் மூன்று. முதலாவது, மரபணுத்தொகுப்பு முழுவதும் ஒரே வீச்சில் இரட்டிப்பது. முதுகெலும்பிகளின் மூதாதையரிடம் இது நடந்திருக்க வேண்டும் என்று சுசுமு ஓனோ 1970-இல் வாதிட்டார். தொடக்க முதுகெலும்பி வரலாற்றில் இது இரண்டு முறை நிகழ்ந்தது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எலும்பு மீன்களில் பெரும்பாலானவை அடங்கும் டீலியோஸ்ட் குலத்தில் மூன்றாவது முறையும், சால்மன் குடும்பத்தில் நான்காவது முறையும் இது நடந்தது. இரண்டாவது வழியில் ஒரு மரபணுவின் படி, அதாவது நகல், அதற்குப் பக்கத்திலேயே உருவாகிறது. இது அடுத்தடுத்த இரட்டிப்பு. மூன்றாவது வழியில் தூது ஆர்என்ஏ மீண்டும் டிஎன்ஏவாக மாறி, தொகுப்பில் ஏதோ ஓரிடத்தில் செருகிக்கொள்கிறது.

மூன்றும் வெவ்வேறு தடயங்களை விட்டுச் செல்கின்றன. முழுத்தொகுப்பு இரட்டிப்பில் அண்டை மரபணுக்களும் சேர்ந்தே இரட்டிக்கும். அடுத்தடுத்த இரட்டிப்பில் புதிய படி பழையதன் பக்கத்திலேயே இருக்கும். ஆர்என்ஏ வழி வந்த படியில் இன்ட்ரான்கள், அதாவது மரபணுவின் இடையே இருந்து தூது ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் துண்டுகள், இரா. இந்த மூன்று தடயங்களையும் ஒரு தாளில் எழுதிக் கண்முன் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவையும் அவற்றோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

படி 2: வரிசைகளைத் திரட்டுங்கள், பெயர்களை நம்பாதீர்கள்

மனிதனின் எல்டிஎச்-ஏ புரதத்தை, அதாவது 332 அமினோ அமிலங்கள் கொண்ட வரிசையை, யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, ஒத்த வரிசைகளைக் கண்டுபிடிக்கும் பிளாஸ்ட் தேடலில் இடுங்கள். உயிரினங்களைத் தேர்வதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. மனிதன், சுண்டெலி ஆகியவற்றோடு, முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸும் பைப்பாலூட்டியான ஓப்போசமும் வேண்டும். கோழி, பல்லி, தவளை ஆகியவற்றோடு மடல்துடுப்பு மீனான சீலகாந்தும் வேண்டும். மீன்களில் சீப்ராமீனும் மெடாக்காவும் மட்டும் போதா. டீலியோஸ்ட் இரட்டிப்புக்கு முன்பே பிரிந்து சென்ற புள்ளி கார் மீனையும் சேர்க்க வேண்டும். அது இல்லையென்றால், மீன்களில் காணும் கூடுதல் படிகள் அந்த இரட்டிப்பில் வந்தவையா, அதற்கும் முந்தியவையா என்று சொல்ல முடியாது. குருத்தெலும்பு மீன்களுக்காக யானைச்சுறாவையும் (பெயரில் சுறா இருந்தாலும் அது கைமீரா இனம்), தாடையற்றவற்றுக்காக லாம்ப்ரேயையும் ஹேக்ஃபிஷையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பற்ற நெருங்கிய உறவினர்களாக ஆம்ஃபியாக்சஸையும் ட்யூனிகேட் ஒன்றையும் சேருங்கள்.

இனி, பெயர்கள் வைக்கும் பொறிகள். மனிதனிடம் எல்டிஎச்-டி என்று ஒரு மரபணு இருக்கிறது. அகரவரிசையில் ஏ, பி, சி ஆகியவற்றுக்கு அடுத்து வருவதால் அது நான்காவது உடன்பிறப்பு என்று தோன்றும். உண்மையில் அது வேறொரு குடும்பம். லாக்டேட்டின் மற்றொரு ஆடி வடிவத்தில் வினைபுரியும் அந்த நொதிக்கும் நம் நொதிக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. அதை விலக்கிவிடுங்கள். மேலட் டிஹைட்ரோஜினேஸின் நிலைமை நேர்மாறானது: பெயர் வேறு, உறவு மெய். இரண்டையும் பிரித்தறிய வழக்கமான எண்ணிடலில் 102-ஆம் இடத்தைப் பாருங்கள். லாக்டேட் நொதியில் அங்கே குளுட்டமின் இருக்கும்; மேலட் நொதியில் ஆர்ஜினின் இருக்கும். 1988-இல் ஒரு பாக்டீரியாவின் லாக்டேட் நொதியில் இந்த ஓர் இடத்தை மட்டும் ஆர்ஜினினாக மாற்றியபோது, அது மேலட் நொதியாக வேலை செய்யத் தொடங்கியது. ஒரே ஓர் அமினோ அமிலம் இவ்வளவு தெளிவாகச் சாட்சி சொல்வது நொதியியலில் அடிக்கடி காணக்கூடியதன்று.

எல்லாவற்றிலும் பெரிய பொறி எல்டிஎச்-சி என்ற பெயர்தான். பாலூட்டிகளின் விந்தகத்தில் காணப்படும் மூன்றாவது வகைக்கு அந்தப் பெயர். மீன்களில் பெரும்பாலும் கண்ணிலும், காட் மீன் குடும்பத்தில் கல்லீரலிலும் காணப்பட்ட மூன்றாவது வகைக்கும் அதே பெயரை வைத்தார்கள். புறாவின் விந்தகத்தில் கண்ட வகைக்கும் அதே பெயர்தான். தவளை முட்டையில் கண்டதற்கும் அப்படியே. இந்த நான்கும் தனித்தனியாகத் தோன்றியவை. புரதங்களை மின்புலத்தால் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் மூன்றாவதாக ஒரு பட்டை தெரிந்தால் சி என்று எழுதிவைப்பது அக்கால வழக்கம். அந்த வழக்கம் இன்றும் தரவுத்தளங்களில் தங்கியிருக்கிறது. ஆகவே உங்கள் கோப்பில் ஒவ்வொரு வரிசைக்கும் உயிரினத்தின் பெயரையும் தரவுத்தளம் அதற்குத் தரும் அணுகல் எண்ணையும் மட்டும் இடுங்கள். ஏ, பி, சி என்ற அடையாளத்தைப் பகுப்பாய்வு முடிந்த பிறகு நீங்களே வழங்கலாம்.

படி 3: களையெடுங்கள்

ஒரே மரபணுவிலிருந்து தரவுத்தளம் பல படியெடுப்புகளை (தூது ஆர்என்ஏ வடிவங்களை) காட்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். பாதியில் அறுந்த வரிசைகளையும் நீக்குங்கள். பிறகு இன்ட்ரான்களை எண்ணுங்கள். மனித எல்டிஎச்-ஏ மரபணுவில் புரதத்தைக் குறிக்கும் பகுதியை ஆறு இன்ட்ரான்கள் வெட்டுகின்றன. எல்டிஎச்-பி மரபணுவிலும் அதே ஆறு இடங்களில்தான் வெட்டுகள் உள்ளன. இரண்டும் டிஎன்ஏ மட்டத்தில் நேரடியாகப் பிரிந்தவை என்பதற்கு இதுவே முதல் சான்று. 15-ஆம் குரோமோசோமில் உள்ள எல்டிஎச்ஏஎல்6பி என்ற மனித மரபணுவில் இன்ட்ரான்களே இல்லை. ஆர்என்ஏ வழி வந்த படி என்று உடனே அறியலாம். எல்டிஎச்-ஏவின் இத்தகைய படிகள், செயலிழந்த போலி மரபணுக்களாக மனிதத் தொகுப்பில் பல இடங்களில் கிடக்கின்றன. அவற்றைத் தனிக் கோப்பில் வையுங்கள். பிரதான மரத்தில் சேர்த்தால் கிளைகளைக் குலைத்துவிடும்.

படி 4: வரிசைகளை ஒழுங்கமையுங்கள்

இந்த நொதியில் நீளம் அதிகம் மாறுவதில்லை என்பதால் இந்தப் படி எளிது. மாஃப்ட் நிரலின் துல்லிய அமைப்பில் புரத வரிசைகளை ஒழுங்கமைத்து, முடிவைக் கண்ணால் பாருங்கள். வினைமையமான 195-ஆம் இட ஹிஸ்டிடினும், பைருவேட்டைப் பற்றிக்கொள்ளும் 171-ஆம் இட ஆர்ஜினினும் எல்லா வரிசைகளிலும் ஒரே நெடுவரிசையில் நிற்க வேண்டும். நிற்காத வரிசையில் பிழை இருக்கக்கூடும், அல்லது அது இந்தக் குடும்பத்தைச் சேராததாக இருக்கலாம். பின்னால் கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று டிஎன்ஏ எழுத்துகள்) மட்டத்தில் பகுப்பாய்வு செய்ய வேண்டியிருப்பதால், இதே ஒழுங்கமைப்பை டிஎன்ஏ வரிசைகளுக்கும் ஏற்றி ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

படி 5: கிளைமரம் கட்டுங்கள், அது சொல்வதை ஐயத்தோடு கேளுங்கள்

ஐக்யூ-ட்ரீ நிரலில் ஒழுங்கமைப்பை இட்டால் பொருத்தமான மாற்ற மாதிரியைத் தேர்ந்து, பெருவாய்ப்பு முறையில் மரத்தைக் கட்டித் தரும். கிளைகளின் நம்பகத்தன்மைக்கு, தரவிலிருந்து மறுபடி மறுபடி மாதிரி எடுத்துச் சோதிக்கும் அந்த நிரலின் விரைவு பூட்ஸ்ட்ராப் முறையைப் பயன்படுத்தினால், 95-க்கும் மேற்பட்ட மதிப்பையே வலுவான ஆதரவாகக் கொள்ள வேண்டும். பழைய முறைக்குப் பழகியவர்கள் 70-ஐப் பார்த்தே திருப்தி அடைவதுண்டு. அந்த அளவுகோல் இங்கே பொருந்தாது.

இப்போது மனித எல்டிஎச் வகைகளின் ஒற்றுமையைக் கவனியுங்கள். ஏவும் பியும் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒத்திருக்கின்றன. ஏவும் சியும் ஒத்திருப்பதும் ஏறக்குறைய அதே முக்கால் பங்குதான். இந்த எண்களை மட்டும் பார்ப்பவர், மூன்றும் சற்றேறக்குறைய ஒரே காலத்தில் பிரிந்தவை என்று முடிவு கட்டுவார். 1994-இல் வெளியான ஓர் ஆய்வு அதற்கும் ஒரு படி மேலே சென்றது. பாலூட்டி, பறவை, தவளை, மீன் ஆகியவற்றோடு பார்லியையும் பாக்டீரியாவையும் சேர்த்து 32 வரிசைகளைக் கொண்டு, மிகக் குறைந்த மாற்றங்களைத் தேடும் சிக்கன முறையில் மரம் கட்டினார்கள். ஏவும் பியும் பிரிவதற்கு முன்பே பாலூட்டிகளின் சி பிரிந்துவிட்டது என்று அந்த மரம் காட்டியது. அதற்கு முந்திய ஆய்வுகளும் அதையே சொல்லியிருந்தன.

அந்த முடிவை ஏற்றால் என்ன ஆகும் என்று கணக்கிடுங்கள். தாடையுள்ள எல்லா முதுகெலும்பிகளின் பொது மூதாதையரிடமும் சி இருந்திருக்க வேண்டும். பிறகு குருத்தெலும்பு மீன்கள், கதிர்த்துடுப்பு மீன்கள், சீலகாந்த், நீர்நில வாழ்வன, ஊர்வனவும் பறவைகளும் அடங்கிய குலம் ஆகிய ஐந்தும் தனித்தனியே அதை இழந்திருக்க வேண்டும். பாலூட்டிகள் மட்டும் அதைக் காத்துவந்தன என்று கொள்ள வேண்டும். இதற்கு மாறாக, பாலூட்டிகளின் வழியில் ஏ ஒருமுறை இரட்டித்துச் சி ஆனது என்று கொண்டால், ஒரே ஒரு நிகழ்வு போதும். இழப்பு ஒன்றும் தேவையில்லை. மரபணு மரத்தையும் உயிரின மரத்தையும் ஒப்பிட்டு இந்தக் கணக்கைப் போட நோட்டங், ஜீன்ராக்ஸ் போன்ற நிரல்கள் உண்டு. ஆனாலும் முதல் முறை தாளிலும் பேனாவிலும் போட்டுப் பார்ப்பதே நல்லது. எந்தக் கிளை எத்தனை இழப்புகளைக் கேட்கிறது என்பது அப்போதுதான் மனத்தில் பதியும்.

பிறகு ஏன் மரம் அப்படிக் காட்டியது? மனிதனுக்கும் சுண்டெலிக்கும் இடையே ஏவும் பியும் 90 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருக்கின்றன. சி மட்டும் முக்கால் பங்கு அளவே ஒத்திருக்கிறது. அதாவது சி மிக விரைவாக மாறுகிறது. விரைந்து மாறும் வரிசையின் கிளை நீளமாக இருக்கும்; மரத்தின் அடியைக் காட்டச் சேர்க்கும் வெளிக்குழு பார்லி, பாக்டீரியா போலத் தொலைதூரமானதாக இருந்தால் அதன் கிளையும் நீளமானது. நீண்ட கிளைகள் இரண்டில் தற்செயலாக ஒரே மாற்றங்கள் நேர்ந்து, அவை உறவினர்போல் ஒட்டிக்கொள்ளும் அபாயத்தை ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1978-லேயே சுட்டிக்காட்டியிருந்தார். சிக்கன முறை அதற்கு எளிதில் இரையாகும் என்பதும் அவர் காட்டியதே. எல்டிஎச்-சி மரத்தின் அடிக்கு இழுக்கப்பட்டதற்கு இதுவே காரணம் என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆகவே உங்கள் மரத்தில் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். வெளிக்குழுவாக ஆம்ஃபியாக்சஸ், ட்யூனிகேட் போன்ற அண்மை உறவினர்களை மட்டும் வைத்துக் கட்டுங்கள். சி வரிசைகள் அனைத்தையும் நீக்கிவிட்டு ஒருமுறை கட்டி, மற்ற கிளைகள் இடம் மாறுகின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, "சியும் பாலூட்டிகளின் ஏவும் உடன்பிறப்புகள்" என்ற கட்டுப்பாட்டோடு ஒரு மரமும், "சி எல்லாவற்றுக்கும் முந்தியது" என்ற கட்டுப்பாட்டோடு ஒரு மரமும் கட்டி, மரங்களை ஒப்பிடும் புள்ளியியல் முறையான ஏயு சோதனையில் இரண்டையும் மோதவிடுங்கள். இரண்டில் எதையும் தரவு நிராகரிக்கவில்லை என்று வந்தால் மனம் தளர வேண்டாம். 330 அமினோ அமிலங்களில் ஐம்பது கோடி ஆண்டு வரலாற்றின் எல்லாத் திருப்பங்களும் பதிவாகியிருக்கும் என்று எதிர்பார்ப்பது அதன் மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுவதாகும்.

படி 6: அண்டை மரபணுக்களை விசாரியுங்கள்

ஊரில் ஒருவரைப் பற்றி அவரே சொல்வதில் ஐயம் வந்தால் அக்கம்பக்கத்தாரைத்தானே கேட்கிறோம். மரபணுவுக்கும் அதையே செய்யலாம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மரபணுத்தொகுப்புகளைப் பார்க்க உதவும் என்செம்பிள் உலாவியில் மனிதனின் 11-ஆம் குரோமோசோமுடைய குட்டைக் கையைத் திறந்து எல்டிஎச்-ஏவைத் தேடுங்கள். ஜிடிஎஃப்2எச்1 என்ற மரபணுவைத் தாண்டியதும் எல்டிஎச்-ஏ வரும். அதை ஒட்டியே எல்டிஎச்-சி. அதற்கடுத்து எல்டிஎச்ஏஎல்6ஏ என்ற இன்னோர் உறவினர். பிறகு டிஎஸ்ஜி101. பாலூட்டிகளின் சி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது: ஏவுக்குப் பக்கத்தில், அடுத்தடுத்த இரட்டிப்பின் வழியே. ஏவும் பியும் பிரிவதற்கு முன்பே ஏவுக்குப் பக்கத்தில் சி இருந்திருந்தால், பிக்குப் பக்கத்திலும் அதன் இணை இருந்திருக்க வேண்டும். பியின் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இனி ஜிடிஎஃப்2எச்1, டிஎஸ்ஜி101 ஆகிய இரண்டையும் எல்லைக்கற்களாகக் கொண்டு, ஓப்போசத்திலும் பிளாட்டிபஸிலும் கோழியிலும் அவற்றுக்கிடையே எத்தனை எல்டிஎச் மரபணுக்கள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். சி தோன்றிய காலத்தை இந்த எண்ணிக்கை வரையறுக்கும். தொகுப்பின் அந்தப் பகுதியில் இடைவெளி இருந்தால் "இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. இடைவெளியற்ற புதிய பதிப்பைத் தேடுங்கள்.

அடுத்து 12-ஆம் குரோமோசோமின் குட்டைக் கைக்குச் சென்று எல்டிஎச்-பியின் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். அருகிலேயே கேசிஎன்ஜே8, ஏபிசிசி9 என்று இரண்டு மரபணுக்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். இப்போது மறுபடி 11-ஆம் குரோமோசோமுக்கு வந்து, எல்டிஎச்-ஏவிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் எழுத்துகள் தள்ளிப் பாருங்கள். அங்கே கேசிஎன்ஜே11, ஏபிசிசி8 என்று இன்னோர் இணை நிற்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரப்பைக் கட்டுப்படுத்தும் பொட்டாசியக் கால்வாயைக் கட்டும் இணை இதுதான். 12-ஆம் குரோமோசோமில் இருப்பவை இவற்றின் உடன்பிறப்புகள். இன்னும் தேடுங்கள். 11-இல் சாக்ஸ்6, 12-இல் சாக்ஸ்5. 11-இல் பிடிஇ3பி, 12-இல் பிடிஇ3ஏ. 11-இல் பாராதைராய்டு இயக்குநீரின் மரபணு, 12-இல் அதன் உடன்பிறப்பான பிடிஎச்எல்எச். உயிர்க்கடிகாரத்தை இயக்கும் பிமால்1 11-இல், பிமால்2 12-இல்.

ஒன்றுக்கொன்று தொடர்பற்ற வேலைகளைச் செய்யும் இத்தனை மரபணுக்கள் இணை இணையாக இதே இரு இடங்களில் நிற்கின்றன. எல்டிஎச் மட்டும் தனியாக இரட்டித்திருந்தால் இப்படி அமைய வழியே இல்லை. குரோமோசோம் முழுவதும் சேர்ந்து இரட்டித்ததன் தடயம் இது. ஏவும் பியும் ஓனோ சொன்ன வழியில் பிரிந்தவை. இத்தகைய இணைகளுக்கு அவர் பெயராலேயே ஓனோலாக் என்று பெயர்.

முழுத்தொகுப்பு இருமுறை இரட்டித்தது என்றால் நான்கு படிகள் இருந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். சாக்ஸ்5, சாக்ஸ்6 ஆகியவற்றுக்கு மூன்றாவதாக சாக்ஸ்13 என்ற உடன்பிறப்பு உண்டு. அது 1-ஆம் குரோமோசோமின் நெட்டைக் கையில் இருக்கிறது. பிஐகே3சி2 குடும்பத்தைப் பாருங்கள்: ஏ 11-இல், ஜி 12-இல், பி 1-ஆம் குரோமோசோமில் அதே பகுதியில். பிஎல்இகேஎச்ஏ குடும்பத்தில் 7 என்ற எண்ணுடையது 11-இல், 5 என்ற எண்ணுடையது 12-இல், 6 என்ற எண்ணுடையது மறுபடியும் 1-ஆம் குரோமோசோமின் அதே பகுதியில். மூன்று குடும்பங்கள் ஒரே மூன்று இடங்களைச் சுட்டும்போது அந்த மூன்றாவது இடமும் இதே பழைய துண்டின் படி என்பது தெளிவாகிறது. அங்கே எல்டிஎச் இல்லை. நான்கில் இரண்டு படிகள் காலப்போக்கில் அழிந்து, ஏவும் பியும் எஞ்சின என்றே கொள்ள வேண்டும். இல்லாத ஒரு மரபணு எங்கே இருந்திருக்க வேண்டும் என்று விரல்வைத்துக் காட்ட இந்த முறையால் முடிகிறது. வரிசைகளைக் கொண்டு மட்டும் கட்டிய எந்த மரத்தாலும் அது முடியாது.

படி 7: மீன்களையும் தவளையையும் தனியாகப் பாருங்கள்

மீன்களின் சி, பாலூட்டிகளின் சியைப் போல ஏவிலிருந்து வந்ததன்று, பியிலிருந்து பிரிந்தது. சீப்ராமீனின் மரபணுப் பட்டியலில் எல்டிஎச்-பிஏ, எல்டிஎச்-பிபி என்று இரண்டு பி வகைகள் காணப்படும். புள்ளி கார் மீனின் பியைச் சுற்றியுள்ள மரபணுக்களைப் பட்டியலிட்டு, அவை சீப்ராமீனின் இரண்டு குரோமோசோம்களில் பங்கிடப்பட்டிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ஒரு பட்டியல் இரண்டாகப் பங்கிடப்பட்டிருந்தால், அது ஏறக்குறைய 32 கோடி ஆண்டுகளுக்கு முந்திய டீலியோஸ்ட் இரட்டிப்பின் அடையாளம். இதற்கு ஜினோமிகஸ் போன்ற உலாவி உதவும்.

ஆப்பிரிக்க நகத்தவளையான ஜெனோபஸ் லேவிஸில் ஏ, பி, சி என்று பெயரிடப்பட்ட மூன்றும் மற்ற விலங்குகளின் பெயரொத்த வகைகளைவிடத் தங்களுக்குள்ளேயே நெருங்கியவை என்று அதே 1994 ஆய்வு காட்டியது. அந்தத் தவளை இரண்டு பழைய இனங்கள் கலந்து, ஏறக்குறைய 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொகுப்பு இரட்டித்த உயிரினம். ஆகவே நெருங்கிய இணைகள் அதில் மலிந்திருப்பது எதிர்பார்க்கத்தக்கதே. அதை உங்கள் பட்டியலில் சேர்த்திருந்தால், தொகுப்பு இரட்டிக்காத ஜெனோபஸ் டிராபிகாலிஸையும் கட்டாயம் சேருங்கள். சால்மன் குடும்பத்துக்கும் இதே எச்சரிக்கை. அங்கே தொகுப்பு இரட்டித்த பிறகும் நெடுங்காலம் இணைக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளைப் பரிமாறிக்கொண்டே இருந்தன. அதனால் பழைய இரட்டிப்பும் மரத்தில் புதியதுபோலத் தோற்றம் தரும்.

லாம்ப்ரேயில் ஒரே ஒரு எல்டிஎச்தான் உண்டு என்று 1992-இல் அறிவிக்கப்பட்டது. ஹேக்ஃபிஷில் இரண்டு அறியப்பட்டிருந்தன. தாடையற்றவற்றுக்கும் தாடையுள்ளவற்றுக்கும் பொதுவாக இருந்தது முதல் தொகுப்பு இரட்டிப்பு மட்டுமே என்றும், இரண்டாவது தாடையுள்ளவற்றுக்கே உரியது என்றும் அண்மைக்கால ஆய்வுகள் கொள்கின்றன. லாம்ப்ரேயின் ஒற்றை மரபணுவை "இரட்டிப்புக்கு முந்திய நிலை" என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். இரட்டித்த பிறகு ஒன்றை இழந்த நிலையாகவும் அது இருக்கலாம். இரண்டில் எது என்பதை அண்டை மரபணுக்களைக் கொண்டுதான் ஆராய வேண்டும்.

படி 8: காலத்தைக் குறியுங்கள்

மாற்றங்கள் சீரான வேகத்தில் சேர்கின்றன என்று கொண்டு காலம் கணிக்கும் மூலக்கூற்றுக் கடிகாரத்தை இந்தக் குடும்பத்தில் ஓட்டவேண்டாம் என்பது என் அறிவுரை. விரைந்து ஓடும் சியும் மெதுவாக நகரும் பியும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்படா. எந்தெந்தக் குலங்களில் படி இருக்கிறது, எவற்றில் இல்லை என்பதைக் கொண்டு மேல் எல்லையும் கீழ் எல்லையும் குறித்தால் போதும்.

படி 9: இரட்டித்த பிறகு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்

பெரும்பாலான படிகள் செயலிழந்து மறையும். எஞ்சியவை ஏன் எஞ்சின என்பதற்கு இரண்டு பதில்கள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. ஒரு படி புதிய பணியைப் பெற்றது என்பது ஓனோ அழுத்திச் சொன்ன பதில். பழைய பணியையே இரண்டும் பங்கிட்டுக்கொண்டன என்பது 1999-இல் ஆலன் ஃபோர்சும் மைக்கேல் லிஞ்சும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த பதில். ஏவும் பியும் இரண்டாவது பதிலுக்கு ஓரளவு பொருந்துகின்றன. பைருவேட் மிகும்போது இதயத்தின் பி வடிவம் தடைபடும். தசையின் ஏ வடிவம் அவ்வளவாகத் தடைபடாது. மூச்சு வாங்க ஓடும்போது தசையில் பைருவேட் குவிந்தாலும் வேலை நிற்காது. ஆனால் "பங்கீடு" என்று எழுதுவதற்கு முன், இரட்டிப்புக்கு முந்திய ஒற்றை நொதி எப்படி இருந்தது என்பதற்கு ஆம்ஃபியாக்சஸிலோ ட்யூனிகேட்டிலோ சான்று தேடுங்கள். அந்தச் சான்று இல்லாமல் அது ஊகம் மட்டுமே.

தேர்வு அழுத்தத்தை அளக்கப் பாமல் நிரலைப் பயன்படுத்தலாம். அமினோ அமிலத்தை மாற்றும் டிஎன்ஏ மாற்றங்களுக்கும் மாற்றாதவற்றுக்கும் உள்ள விகிதத்தை அது கணக்கிடும். ஏ–பி பிரிவுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அத்தனை நீண்ட காலத்தில் ஒரே இடம் பலமுறை மாறியிருக்கும் என்பதால் வகுக்கும் எண்ணே பொருளற்றதாகிவிடும். பாலூட்டிகளுக்குள் ஏவையும் சியையும் ஒப்பிடுவது பயனுள்ளது; சியின் கிளையில் மட்டும் விகிதம் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உயர்ந்திருந்தாலும், அது தளர்ந்த கட்டுப்பாடா, புதிய பணிக்கான தேர்வா என்று எண் மட்டும் சொல்லாது. சோதனைச் சான்று இங்கே துணைக்கு வருகிறது: 2008-இல் சி மரபணுவை நீக்கிய ஆண் சுண்டெலிகளில் விந்தணுக்களின் நகர்வும் ஆற்றலும் குன்றி, இனப்பெருக்கத் திறன் கடுமையாகக் குறைந்தது. விரைந்து மாறினாலும் சி பயனற்றுப்போன படியன்று.

புதிய பணி என்றாலே இரட்டிப்பு நடந்திருக்க வேண்டும் என்றும் கொள்ள வேண்டாம். வாத்தின் கண்வில்லையில் ஒளியை முறிக்கும் எப்சிலான் கிரிஸ்டலின் என்ற புரதம் எல்டிஎச்-பியே என்று 1987-இல் தெரியவந்தது. அடுத்த ஆண்டே, இரண்டுக்கும் ஒரே மரபணுதான் என்பதும் உறுதியானது. படி எடுக்காமலேயே அந்த மரபணு இரண்டு வேலைகளைச் செய்கிறது. கோழியின் கண்வில்லையில் உள்ள டெல்டா கிரிஸ்டலினோ வேறொரு நொதியான ஆர்ஜினினோசக்சினேட் லையேஸிலிருந்து வந்தது. அங்கே மரபணு இரட்டித்திருக்கிறது. ஒரு படி நொதிச் செயலை இழந்து வில்லைக்கே உரியதாகிவிட்டது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரட்டிப்பு புதிய பணியைப் பிறப்பித்ததா, ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த இரண்டு பணிகளைப் பிரித்துக்கொள்ள வழி செய்ததா என்ற கேள்வி தானாக எழும். உங்கள் குடும்பத்திலும் அதைக் கேளுங்கள்.

படி 10: எழுதுங்கள்

ஒவ்வொரு இரட்டிப்புக்கும் தனியாக ஒரு பத்தி எழுதி, அதில் மரத்தின் சான்று, அண்டை மரபணுக்களின் சான்று, இன்ட்ரான் சான்று ஆகிய மூன்றும் என்ன சொல்கின்றன என்று குறியுங்கள். மூன்றும் முரண்பட்டால் முரண்பாட்டை மறைக்காமல் அப்படியே எழுதுங்கள். மீன்களின் மூன்றாவது வகையைச் சி என்று எழுதாமல் பியின் படியாகவே பெயரிடுங்கள்; பழைய பெயரைப் பட்டியலின் தனி நெடுவரிசையில் தாருங்கள். தரவுத்தளத்தின் பதிப்பு எண், ஒவ்வொரு வரிசையின் அணுகல் எண், நிரல்களின் பதிப்பு, நீங்கள் இட்ட கட்டளைகள், நீக்கிய வரிசைகளும் அவற்றை நீக்கிய காரணமும் ஆகிய அனைத்தையும் ஒரு கோப்பில் சேர்த்து மரத்துடன் வெளியிடுங்கள். மரபணுத்தொகுப்பின் அடுத்த பதிப்பு வந்து, ஜிடிஎஃப்2எச்1-க்கும் டிஎஸ்ஜி101-க்கும் இடையே இருந்த ஓர் இடைவெளி நிரப்பப்பட்டால், படி 6-ஐ மட்டும் மறுபடி செய்து பார்க்க அந்தக் கோப்பு போதும்.